அப்பாவின் பழைய லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றுவது எப்படி? கடையில் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். பெங்களூரு ஜீவன் பீமா நகரில் இருக்கும் ஒருவர் அப்பாவுக்குப் புது லேப்டாப் வாங்கியிருக்கிறார். பழையது 2012இல் வாங்கியது, விண்டோஸ் 7. புதியதில் விண்டோஸ் 11. பழையதற்குள் கிட்டத்தட்ட 300 ஜிபி இருக்கிறது: குடும்பப் போட்டோக்கள், அப்பா பல வருடமாகத் தமிழில் எழுதி வைத்த கட்டுரைகள், அவர் பார்த்துக்கொள்ளும் கோயில் கமிட்டியின் கணக்கு (டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில்). கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தால், "வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார்களாம். கொடுக்கலாமா, நாமே செய்யலாமா என்று கேட்கிறார்.

நீங்களே செய்யுங்கள். கடைக்காரர் மேல் சந்தேகம் என்பதால் சொல்லவில்லை. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர்களிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்பா எதை எங்கே வைத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டி டிரைவ், இவ்வளவையும் ஒழுங்காக காப்பி செய்து கொடுப்பார்கள். அதற்கு மேல் கேட்பதற்கு அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார். ஆதார், பான் கார்டு ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதே டிஸ்க்கில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

சில வருடம் முன்பு ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் மாமாவின் கம்ப்யூட்டரை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். எல்லா ஃபோல்டரையும் காப்பி செய்தேன், எண்ணிக்கை சரிபார்த்தேன், பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மாமா கேட்டார்: "அந்த மஞ்சள் சீட்டெல்லாம் எங்கப்பா?" விண்டோஸ் 7இல் ஸ்க்ரீனில் ஒட்டி வைக்கும் ஸ்டிக்கி நோட்ஸ். ஊரில் யார் யாருக்கு எந்த மாதம் என்ன திதி, எந்தப் பங்காளி எந்த ஊரில் இருக்கிறார் என்று பத்து வருடமாக அதில்தான் எழுதி வந்திருக்கிறார். அது டெஸ்க்டாப்பில் தெரிந்தாலும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருப்பதில்லை. ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ரோமிங், மைக்ரோசாஃப்ட், ஸ்டிக்கி நோட்ஸ் என்று மூன்று படி உள்ளே இருக்கும். திரும்பக் கிடைக்கவில்லை. அத்தை உயிரோடு இருந்தவரை அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பாதியைத் திரும்ப எழுதினார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேபிளைத் தொடுவதற்கு முன் லேப்டாப்புக்குச் சொந்தக்காரருடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கையில் ஒரு பேப்பர். "காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? அடுத்து?" என்று கேட்டு, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். எந்த ஐகானைத் தொடுகிறார், அது எங்கே போய்த் திறக்கிறது, கரண்ட் பில் கட்ட எந்த புக்மார்க், மாதக் கடைசியில் எந்த எக்செல் ஷீட், வருடத்துக்கு ஒருமுறை வருமான வரிக்கு எது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுவதுதான் எப்போதும் விட்டுப்போகும். அப்பா டைப் செய்யும்போது எந்த சாஃப்ட்வேரில், எந்த கீபோர்டில், எந்த ஃபாண்டில் அடிக்கிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அதுபற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டிக்கி நோட்ஸ் இருந்தால், பழைய லேப்டாப்பிலேயே ஒவ்வொன்றையும் திறந்து ஒரு வேர்டு ஃபைலில் ஒட்டிவிடுவதுதான் எளிது. நோட்பேடில் ஒட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 7 நோட்பேடு சாதாரணமாக சேவ் செய்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேவ் செய்யும் கட்டத்தின் அடியில் என்கோடிங் என்று இருக்கும் இடத்தில் யூ.டி.எஃப்-8 என்று மாற்றிவிட்டு சேவ் செய்ய வேண்டும்.

அடுத்து, டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். நீலமாக "குட்" என்று காட்டினால் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். மஞ்சளில் "காஷன்" என்று வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ, வேறு எதுவும் செய்யாமல் அப்பா எழுதியதை முதலில் எடுங்கள். அது சில நூறு எம்பிதான் இருக்கும். அப்புறம் கணக்கு, அப்புறம் போட்டோ. சினிமாவும் பாட்டும் கடைசி. டிஸ்க் முழுவதையும் ஒரே இழுப்பில் காப்பி போட்டால், தேவையில்லாத ஒரு சினிமாவைப் படிக்கத் திணறும்போதே அது நின்றுவிடலாம். டிஸ்க் கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை என்றால் வீட்டில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். அது டேட்டா ரெக்கவரி செய்பவர்களின் வேலை, செலவும் ஆகும்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன.

வைஃபை மூலமாக அனுப்பலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். பழைய லேப்டாப்பின் வைஃபையில் நொடிக்கு 5 எம்பி போனால் அதிகம். அந்த வேகத்தில் 300 ஜிபிக்குப் பதினேழு மணி நேரம். நடுவில் ஒருமுறை அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்று தேட வேண்டும். வேண்டாம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதில் ஏற்றி இதில் இறக்குவது நல்ல வழி. பழைய லேப்டாப்பில் உள்பக்கம் நீல நிறமாக இருக்கும் யூ.எஸ்.பி. பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது யூ.எஸ்.பி. 3. அதில் செருகினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடியும். மற்ற பாயின்ட் யூ.எஸ்.பி. 2 என்றால் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும், மூன்று மணி நேரம் ஆகும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் கூடும். பென் டிரைவில் ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற வடிவத்தில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ ஏறாமல் போவதற்குக் காரணம் அதுதான். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்துகொண்டால் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி ஒரு கேசிங்கில், அதாவது யூ.எஸ்.பி. கேபிளோடு வரும் டப்பாவில் போட்டு, புது லேப்டாப்பில் நேராகச் செருகுவது. 2012 லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டரை இன்ச் சாட்டா டிஸ்க்தான் இருக்கும். அதற்கான யூ.எஸ்.பி. 3 கேசிங் எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடைக்குப் போவதானால் இதற்காகப் போங்கள். இந்த வழியில் ஏற்றி இறக்கும் இரட்டை வேலை கிடையாது. பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்திருந்தாலும் கவலையில்லை, டிஸ்க்குக்கு வேண்டிய கரண்ட்டைப் புது லேப்டாப் கொடுத்துவிடும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதச் சாயங்கால மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இது சின்ன விஷயமில்லை. கழற்றுவதற்கு முன் லேப்டாப்பை முழுவதாக ஷட் டவுன் செய்ய வேண்டும். ஸ்லீப்பிலோ ஹைபர்னேட்டிலோ வைத்துக் கழற்றக் கூடாது. பேட்டரியையும் எடுத்துவிட்டு, அடிப்பக்க மூடியின் ஸ்க்ரூவைத் திறங்கள்.

புதியதில் செருகி, பழைய டிஸ்க்கின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அப்பாவின் பெயரில் இருப்பதைத் திறந்தால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு கட்டம் வரும். பயப்பட வேண்டாம். பழைய விண்டோஸின் அப்பா வேறு, புது விண்டோஸின் அப்பா வேறு என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. கன்டின்யூ கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் திறக்கும், சில நேரம் பத்து நிமிடம்கூட ஆகும். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரிய, வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டும்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழியிலும் ஒரு விதி உண்டு: காப்பி மட்டும்தான். கட் கிடையாது. கட் செய்து ஒட்டும்போது நடுவில் ஏதாவது ஆனால் பாதி அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடும்.

இதற்குள் புது லேப்டாப்பில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பெரும்பாலும் ஒன்டிரைவோடு, அதாவது மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட்டில் கொடுக்கும் சேமிப்பு இடத்தோடு இணைந்துவிடும். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. பிக்சர்ஸுக்குள் 200 ஜிபி போட்டோவைக் கொட்டினால் இன்டர்நெட் வழியாக ஏற்றத் தொடங்கி, இடம் தீர்ந்து, "பணம் கட்டுங்கள்" என்று தினமும் அப்பாவைத் தொந்தரவு செய்யும். அவர் பதறி எதையாவது அழுத்திவிடுவார். அதனால் முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அந்த பேக்கப்பை நிறுத்துங்கள், அல்லது சி டிரைவில் நேராக "அப்பா" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். புது லேப்டாப்புகளில் பெரும்பாலும் சி டிரைவ் ஒன்றுதான் இருக்கும். "டி டிரைவ் எங்கே போச்சு?" என்று அவர் கேட்பார். அந்த ஃபோல்டருக்குள் "பழைய டி" என்றே பெயர் வைத்து, உள்ளே பழைய அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். நாம் அடுக்கிக் கொடுப்பது நமக்குத்தான் அழகாகத் தெரியும். அவர் கண் பழகிய இடத்தில் இருந்தால்தான் அவருக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, பல புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். என்றைக்காவது ரிப்பேர் ஆனால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டோடு பீரோவில் வைத்துவிடுங்கள்.

இப்போது தமிழ் ஃபைல்கள். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். போட்டோ காப்பி ஆனால் ஆனதுதான். தமிழ்க் கட்டுரை காப்பி ஆகியும் காணாமல் போகலாம்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறைக்கு யூனிகோட் என்று பெயர். அது பரவுவதற்கு முன் தமிழில் டைப் செய்தவர்கள் பாமினி, வானவில், இன்னும் டாம், டாப், டிஸ்கி வகை ஃபாண்டுகளில் அடித்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் இரண்டும் தரம் என்று அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். நடுவில் இருந்த வருடங்களில் மட்டும் எத்தனை வீடுகளில், எத்தனை சங்கங்களில் எத்தனை பக்கம் அடித்திருப்பார்கள்! பாமினி போன்ற ஃபாண்டில் ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த ஃபாண்ட் அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பாமினியில் அரைப்புள்ளிதான். ஃபாண்ட் இல்லாத புது லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்தால், அப்பாவின் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கலாகத் தெரியும். "ஃபைல் கெட்டுப்போச்சு" என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபைல் கெடவில்லை, ஃபாண்ட் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுவதும் காப்பி செய்து, "பழைய ஃபாண்ட்" என்று தனியாக வையுங்கள். பிறகு அப்பா பயன்படுத்திய தமிழ் ஃபாண்டுகளை மட்டும் புதியதில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒருமுறை இதைச் செய்தால் பழைய கட்டுரைகள் அப்படியே திறக்கும். அவை லதா ஃபாண்டில் அடித்த யூனிகோட் ஃபைல்களாக இருந்தால் கவலை குறைவு. எழுத்து தெரியும், ஆனால் உருவம் மாறி, வரிகள் இடம் மாறியிருக்கும். லதா, விஜயா இரண்டும் புது விண்டோஸில் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் என்று தேடிச் சேர்த்துவிடுங்கள்.

இதோடு நிறுத்தாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், பழைய லேப்டாப் இன்னும் ஓடும்போதே, அப்பாவுக்கு முக்கியமான கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பி.டி.எஃப். ஆக சேவ் செய்யுங்கள். வேர்டு 2010இலேயே அந்த வசதி இருக்கிறது. பி.டி.எஃப். தன் ஃபாண்டையும் உள்ளேயே சுமந்துகொண்டு போகும். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் திறந்தாலும் தெரியும். அப்பா பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் விழா மலர் ஏதாவது செய்திருந்தால் இது இன்னும் அவசரம், ஏனென்றால் அந்த ஃபைலைத் திறக்கப் புது லேப்டாப்பில் எளிதாக எதுவும் கிடைக்காது.

நாளைக்குத் தேட, திருத்த, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் அதைச் செய்கின்றன. கட்டுரைக்கு நடுவே ஆங்கில வார்த்தைகள் இருந்தால் அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் கெடுத்துவிடும், அதனால் மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். மூல ஃபைலை ஒருபோதும் அழிக்க வேண்டாம். அப்பா எந்த கீபோர்டில் அடித்துப் பழகியிருக்கிறாரோ அதே அமைப்பைப் புதியதிலும் போட்டுக் கொடுங்கள். டைப்ரைட்டர் முறையில் அடித்த விரல்களை எழுபது வயதில் ஃபோனெடிக்குக்கு, அதாவது "amma" என்று ஆங்கிலத்தில் அடித்து "அம்மா" வரவைக்கும் முறைக்குப் பழகச் சொல்வது நியாயமில்லை. லேப்டாப் மாறியதும் சிலர் எழுதுவதையே விட்டுவிடுவது இதனால்தான்.

டாலிக்கு வருவோம். அது சும்மா ஃபோல்டர் காப்பி மட்டுமில்லை. டாலிக்குள்ளிருந்தே பேக்கப் எடுங்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும், அந்த ஃபோல்டரையும் தனியாக ஒரு காப்பி எடுங்கள். லைசென்ஸ் வாங்கியதாக இருந்தால், பழைய லேப்டாப்பில் டாலிக்குள்ளேயே அதை சரண்டர் செய்த (விட்டுக்கொடுத்த) பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிய பிறகு இது ஞாபகம் வந்தால் திரும்ப மாட்ட வேண்டியதுதான். புது பதிப்பு பழைய டேட்டாவைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய பதிப்பில் அது திறக்காது. கமிட்டியில் வேறு யாராவது பழைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் அவரிடம் பேசிவிடுங்கள்.

மெயில்: அப்பா ஜிமெயிலை பிரவுசரில் பார்ப்பவர் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அவுட்லுக்கில் மெயிலை இறக்கி வைப்பவர் என்றால் பி.எஸ்.டி. என்று முடியும் ஃபைலைத் தேடி எடுக்க வேண்டும். பல வருட மெயில் அந்த ஒரே ஃபைலில்தான் இருக்கும்.

குரோமில் சேவ் ஆன பாஸ்வேர்டுகள் ஃபோல்டரை காப்பி செய்தால் வராது. அவை அந்த விண்டோஸின் பூட்டோடு கட்டப்பட்டவை. பழைய லேப்டாப்பிலேயே கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அதாவது அந்தக் கணக்கில் சேரும்படி செய்யுங்கள். விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்த குரோம் 109ஆம் பதிப்புதான், அதனால் சிங்க் முரண்டு பிடித்தால் அப்பாவோடு உட்கார்ந்து முக்கியமான ஏழெட்டை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது போதும்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று பாருங்கள். ஒன்றிரண்டு மறைந்த ஃபைல் வித்தியாசம் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள், ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். போட்டோக்கள் எல்லாம் இன்றைய தேதியில் இருப்பதாகத் தோன்றினால், அது காப்பி ஆன தேதி. "டேட் டேக்கன்" என்று வரிசைப்படுத்தினால் எடுத்த தேதி வரும், அது போட்டோவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். குறைந்தது ஒரு நிதியாண்டு முடியும்வரை அப்படியே இருக்கட்டும், வருமான வரியும் கோயில் கணக்கும் ஒரு சுற்று வந்துவிடும். கேசிங்கோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். மாமா வீட்டில் நான் அதைச் செய்திருந்தால் அந்தத் திதிக் குறிப்புகள் இன்றும் இருந்திருக்கும். டிஸ்க் இல்லாத லேப்டாப்பை இப்போதே இ-கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம், அங்கீகாரம் பெற்றவர்களா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டில் ஒரு நாள்கூட வைக்க வேண்டாம்.

அப்பாவிடம் கேட்டும் ஃபாண்டின் பெயர் தெரியவில்லை என்றால், பழைய லேப்டாப்பில் அந்தக் கட்டுரையின் ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். வேர்டின் மேல்பக்கக் கட்டத்தில் பெயர் வரும். அது பாமினி, வானவில் இல்லாமல் வேறு ஏதாவது பெயராக இருந்தால் எழுதுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.